நீக்கினால் மட்டும் போதுமா? ஒரு இணைப்புப் பட்டியலின் வரலாறு

எங்கள் வாசிப்பு வட்டம் இந்த முறை எடுத்துக்கொண்டது ஒரு புத்தகம் இல்லை. லினக்ஸ் கேர்னலின் வலையமைப்புப் பகுதியில் கிடக்கிற ஒரு சின்னச் செயற்கூறு. சி மொழியில் எழுதினது, பத்துப் பதினைந்து வரிதான் வரும். "கலைப்பீடத்துக்கு உது என்னத்துக்கு?" எண்டு கேட்ட கணினி விஞ்ஞான நண்பர்தான் கடைசியில் எங்களுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து வரி வரியாக விளங்கப்படுத்தினவர்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு ஆவணம் கையில் கிடைத்தால், யார் எழுதினது, எப்ப எழுதினது, எதைப் பார்த்து எழுதினது, பிறகு யார் திருத்தினது என்று கேட்போம். கேர்னல் கோட்டில் ஒவ்வொரு திருத்தத்துடனும் பெயர், திகதி, காரணம் மூன்றும் சேர்ந்தே பதிவாகியிருக்கு. நாங்கள் ஆய்வுக்கட்டுரைக்காகத் தேடி அலைகிற எத்தனையோ சுவடிகளை விட ஒழுங்கான சுவடிக்கூடம் அது.

இதற்குள் இறங்கினதுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஓஎல் படிக்கிற காலத்தில் எங்களில் பல பேருடைய கையில் இருந்தது அண்ணாமாரிடமும் அக்காமாரிடமும் இருந்து இறங்கி வந்த பழைய அன்ட்ரொய்ட் போன். இடம் பத்தாது. கம்பனிக்காரன் போட்டுத் தந்த ஆப்களை அழிக்கவும் விடாது. புதுப்பித்தல் வருவது நின்று வருஷக்கணக்காகியிருக்கும். தெரிந்த அண்ணா ஒருவர் ஒரு ஆப்பைப் போட்டு, ஒரு பட்டனை அமத்தி, "ரூட்" எடுத்துத் தருவார். அவ்வளவுதான், போன் எங்கள் சொல்லுக்குக் கட்டுப்படும். எப்படி என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பட்டனால் போனின் முழு அதிகாரமும் கைக்கு வருது என்றால் உள்ளே எங்கோ ஒரு பூட்டு பிழைத்திருக்க வேணும், இல்லையா? அப்படிப் பிழைத்த பூட்டுகளில் ஒன்றின் கதைதான் இது. 2015இல் வெளியே வந்தது. அந்தப் பூட்டு ஒரு பட்டியலில் இருந்து ஒரு பெயரை நீக்குகிற ஒற்றை வரி.

முன்னுக்கு யார், பின்னுக்கு யார்

முதலில் இணைப்புப் பட்டியல் என்றால் என்ன என்று பார்ப்போம். 2022இல் காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. சிலிண்டரை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர், "எனக்கு முன்னுக்கு நீலச் சட்டை அண்ணா, பின்னுக்கு இந்த அக்கா" என்று மனதில் குறித்துக்கொண்டு போவார். முழு வரிசையும் யாரிடமும் எழுத்தில் இருக்காது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தன்னுடைய இரண்டு அயலவர்களை மட்டும்தான். ஆனாலும் முதலாவது ஆளிடம் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனால் முழு வரிசையும் கிடைத்துவிடும்.

கணினியின் நினைவகத்திலும் இதேதான் நடக்குது. ஒவ்வொரு கணுவும் தன் அயலவரின் முகவரியை வைத்திருக்கும். அந்த முகவரியைத்தான் சுட்டி என்பார்கள், பொயின்டர். நடுவில் இருந்து ஒருவரை எடுக்க வேணுமென்றால் அவருக்கு முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் தொடுத்துவிட்டால் போதும். மற்ற யாரும் அசையத் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயம் மிச்சம். வெளியேறினவர் தன் மனதில் வைத்திருக்கிற "நீலச் சட்டைக்குப் பின்னுக்கு நான்" என்ற குறிப்பை என்ன செய்வது? வரிசை அவரை மறந்துவிட்டது. அவர் வரிசையை மறக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்து அந்தப் பழைய குறிப்போடு நடுவில் புகுந்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்திருங்கோ. கட்டுரை முழுக்க இதுதான்.

ஒவ்வொருவரும் தனக்கெனக் கட்டின பட்டியல்

இந்த யோசனையின் வயது எழுபதை நெருங்குது. 1955-56 காலத்தில் அமெரிக்காவின் ரான்ட் நிறுவனத்தில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷோ, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் தர்க்கத் தேற்றங்களைத் தானே நிறுவுகிற ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிறுவல் எவ்வளவு நீளமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் இவ்வளவு இடம் என்று நினைவகத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கவும் முடியாது. தேவைப்படும்போது ஒரு கணுவை எடுத்துத் தொடுத்துக்கொண்டு போகிற முறை அங்கேதான் பிறந்தது. கொஞ்சக் காலத்தில், 1958இல், ஜோன் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியின் வேலையைத் தொடங்கினார். அந்த மொழி முழுக்கப் பட்டியல்களின் மேல் கட்டினது. பாவித்து முடிந்த கணுக்களைப் பொறுக்கித் திரும்ப எடுத்துக்கொள்கிற வேலையை அதில் மொழியே பார்த்துக்கொள்ளும்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கின சி மொழி வேறு வழியில் போனது. இயங்குதளம் எழுதுவதற்கான மொழி என்பதால் எல்லாம் வேகமாகவும் நேரடியாகவும் இருக்க வேண்டியிருந்தது. சி மொழியில் பட்டியல் என்று ஒன்று உள்ளமைந்து இல்லை. குப்பை பொறுக்குகிற ஆளும் இல்லை. நினைவகத்தை எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும் எழுதுகிறவரின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிரலாளரும் தனக்கெனத் தானே ஒரு பட்டியலைக் கட்டினார், தன் பாணியில், தன் பிழைகளோடு.

வலையமைப்பு மென்பொருளில் இந்தப் பட்டியல்கள் இல்லாத இடமே இல்லை என்று சொல்லலாம். தரவுப் பொதிகள் நேரம் பார்த்தோ எண்ணிக்கை பார்த்தோ வருவதில்லை. ஒரு நொடியில் ஒன்றும் வராது, அடுத்த நொடியில் ஆயிரம் வரும். 1983இல் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யுனிக்ஸ்தான் இன்டர்நெட்டின் ரீசிபி/ஐபி நெறிமுறைகளைப் பல பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குள்ளே ஒவ்வொரு பொதியும் சின்னச் சின்ன நினைவகத் துண்டுகளைச் சங்கிலியாகத் தொடுத்துத்தான் வைக்கப்பட்டது. அந்தக் காலத்து வாக்ஸ் கணினியில் வரிசையில் ஒன்றைச் செருகவும் ஒன்றை எடுக்கவும் வன்பொருளிலேயே தனிக் கட்டளைகள் இருந்தன. 4.2 பிஎஸ்டி அதே வேலைக்கு சி மொழியிலும் இரண்டு உதவிச் செயற்கூறுகளைக் கொடுத்தது. 4.4 பிஎஸ்டி பட்டியலுக்கான உதவிகளை ஒரே தலைப்புக் கோப்பில் சேர்த்தது. லினக்ஸும் இதே வேலைக்குத் தன்னுடைய தலைப்புக் கோப்பை வைத்துக்கொண்டது.

இந்தப் பொது உதவிக் கோட்டால் வந்த நன்மை பெரிசு. ஆயிரம் இடத்தில் ஆயிரம் விதமாக எழுதுவதற்குப் பதிலாக ஓரிடத்தில் சரியாக எழுதி எல்லோரும் பாவிக்கலாம். பிழை வந்தால் ஓரிடத்தில் திருத்தலாம்.

ஆனால் வாசிக்கிறவருக்கு ஒரு நட்டமும் வந்தது. சுட்டிகளைக் கையால் மாற்றுகிற நாலு வரியை மீளாய்வு செய்கிறவர் ஒவ்வொரு சுட்டியையும் விரல் வைத்துப் பின்தொடர்வார். அதே இடத்தில் "டெல்" என்று முடிகிற ஒரு உதவியின் பெயர் மட்டும் இருந்தால்? "சரி, நீக்கியாச்சு" என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார். பெயரை நம்பி வாசிப்பு நின்றுவிடும்.

பிங்கும் அதன் கதவும்

இனி அந்தச் சின்னச் செயற்கூறுக்கு வருவோம். அது "பிங்" சம்பந்தப்பட்டது. இன்டர்நெட் வேலை செய்யுதோ என்று பார்க்க ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வருதா என்று பார்ப்போமே, அந்த பிங்தான். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறிபடை ஆய்வுகூடத்தில் வேலை செய்த மைக் மூஸ், வலையமைப்பில் வந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக அதை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிற சோனார் சத்தம்தான் பெயருக்குக் காரணம்.

இந்த எளிய வேலைக்கு ஒரு பெரிய அதிகாரம் தேவைப்பட்டது. பிங் அனுப்ப வேண்டிய விதமான செய்தியை, பொதியைத் தானே கட்டி அனுப்புகிற வகைச் சொக்கெட் ஊடாகத்தான் அனுப்பலாம். அந்த உரிமை ரூட் பயனருக்கு மட்டும்தான். அதனால் பல காலமாக பிங் நிரல் ரூட் அதிகாரத்தோடேயே நிறுவப்பட்டது. பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களுக்கு இது உறுத்தல். 2011இல் வந்த லினக்ஸ் 3.0இல் இதற்கு ஒரு தீர்வு சேர்ந்தது: பிங் செய்ய மட்டும் உதவுகிற, சாதாரணப் பயனரும் திறக்கக்கூடிய ஒரு புதுவகைச் சொக்கெட். ஓப்பன்வோல் என்ற பாதுகாப்புத் திட்டத்தைச் சேர்ந்த வசிலி குலிகோவ் எழுதினது. நோக்கம் நல்லது, தேவையில்லாத இடத்தில் அதிகாரத்தைக் குறைப்பது.

லினக்ஸில் இந்த வசதி முன்னிருப்பாக யாருக்கும் திறந்திருக்கவில்லை. நிர்வாகி விரும்பினால் ஒரு குழுவுக்குத் திறந்து விடலாம். அன்ட்ரொய்ட் அதை எல்லாக் குழுவுக்கும் திறந்து விட்டது. அதாவது, மேசைக் கணினிகளில் பெரும்பாலும் மூடிக் கிடந்த கதவு எங்கள் பொக்கெட்டுகளில் திறந்து கிடந்தது.

நஞ்சு வைத்த சுட்டி

பிங் சொக்கெட் ஒன்று இணைக்கப்படும்போது கேர்னல் அதை ஒரு பட்டியலில் சேர்க்கும். துண்டிக்கப்படும்போது பட்டியலில் இருந்து எடுக்கும். எடுக்கிற செயற்கூறு முதலில் ஒரு கேள்வி கேட்கும்: "இது இப்ப பட்டியலில் இருக்கா?" இந்தக் கேள்விக்குப் பதில் அந்தச் சொக்கெட்டின் பின்சுட்டியில் இருந்து வரும். அது வெறுமையாக இருந்தால் இல்லை. வெறுமையில்லாமல் என்ன இருந்தாலும் ஓம், இருக்கு.

எடுப்பதற்குப் பாவித்த உதவிக்கு வேறொரு பழக்கம். கணுவை வெளியே எடுத்த பிறகு அதன் பின்சுட்டியில் ஒரு பொய் முகவரியை எழுதிவிடும். கேர்னல்காரர் அதை "நஞ்சு" என்றே பெயர் வைத்திருக்கினம். பதினறும எண்ணில் 200200. இதுவும் நல்ல நோக்கத்தோடு வைத்த பொறிதான். நீக்கின கணுவை யாராவது தவறுதலாகத் திரும்பத் தொட்டால், அந்த இல்லாத முகவரியில் கை வைத்த உடனே கேர்னல் விழுந்துவிடும், பிழை உடனே வெளிச்சத்துக்கு வரும்.

இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ. நஞ்சு வெறுமை இல்லை. அதனால் நீக்கப்பட்ட சொக்கெட்டிடம் "நீ பட்டியலில் இருக்கிறியா?" என்று கேட்டால், "ஓம்" என்கும்! வரிசை அவரை மறந்தாலும் அவர் வரிசையை மறக்கவில்லை. ஒருதரம் இணைத்து, இரண்டுதரம் துண்டித்தால், இல்லாத ஒருவரை இரண்டாம் முறையும் வரிசையில் இருந்து எடுக்க கேர்னல் போகும்.

ஒவ்வொரு சொக்கெட்டையும் எத்தனை இடம் பிடித்து வைத்திருக்கு என்று கேர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். நீக்கும்போது அந்தக் கணக்கில் ஒன்று குறையும். இரண்டுதரம் நீக்கினால் இரண்டு குறையும். கணக்குப் பூச்சியமானால் அந்த நினைவகம் விடுவிக்கப்படும். ஆனால் பயனரின் நிரல் இன்னும் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கு. விடுவிக்கப்பட்ட அந்த இடத்தில் தாக்குபவர் தனக்கு வேண்டியதை நிரப்பி வைத்தால், கேர்னல் அதைச் சொக்கெட் என்று நம்பிக்கொண்டு தாக்குபவர் சொன்ன இடத்துக்கு ஓடும். அங்கே ரூட் அதிகாரம் காத்திருக்கும்.

நஞ்சு இதைத் தடுத்திருக்க வேணுமே? சாதாரணமாகத் தடுக்கும், 200200 முகவரியைத் தொட்டவுடன் போன் விழுந்துவிடும். ஆனால் அந்தப் போன்களில், பயனரின் நிரல் விரும்பினால் அந்த முகவரியில் தனக்கொரு இடத்தைக் கேட்டு வாங்கலாம். வாங்கி வைத்துவிட்டால் பொறி வேலை செய்யாது. நஞ்சுக் கிண்ணத்தைத் தாக்குபவரே கழுவி, தண்ணி நிரப்பி வைத்த மாதிரி.

கீன் அணி என்ற சீனப் பாதுகாப்பு ஆய்வுக் குழு இதைக் கண்டுபிடித்த விதமும் சுவாரசியமானது. கேர்னலுக்கு இலக்கில்லாமல் விதம் விதமான அழைப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிற ஒரு கருவியை ஓட விட்டார்கள். ஒரு கட்டத்தில் கேர்னல் விழுந்தது. விழுந்த இடத்தின் முகவரி 200200. நஞ்சின் எண் தெரிந்தவருக்கு அது கையெழுத்து மாதிரி, யாரோ நீக்கின கணுவைத் திரும்பத் தொட்டிருக்கினம். 2015 ஓகஸ்ட்டில் பிளாக் ஹட் மாநாட்டில் அதை விளக்கினபோது, பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில் ரூட் எடுக்கக்கூடிய பொதுவழியாக அது மாறியிருந்தது. சீவீஈ-2015-3636 என்பது அதன் பதிவு எண்.

பெயர்த்தெழுதினவர் விட்ட சொல்

திருத்தம் மே மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. லினக்ஸ் வலையமைப்புப் பகுதியின் பொறுப்பாளர் டேவிட் மில்லர் எழுதினது. கண்டறிந்து சொன்னவராகக் கீன் அணியின் வென் ஷூவின் பெயரும், சோதித்துப் பார்த்தவராக லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரும் கீழே இருக்கு. பிங் செயற்கூறில் சேர்ந்தது ஒரே ஒரு வரி: எடுத்த பிறகு அந்தக் கணுவின் சுட்டியை வெறுமையாக்கு. அவ்வளவுதான். நாலு வருஷம் இருந்த ஓட்டை ஒரு வரியில் அடைந்தது.

எங்களுக்கு அடுத்த கேள்வி: அந்த வரி ஏன் முதலில் இல்லை? பிங் கோப்பின் தலைப்பிலேயே, இது யூடிபி நெறிமுறையின் கோட்டை அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியிருக்கு. அப்ப மூலப்பிரதியைப் பார்க்க வேணும்தானே? பார்த்தோம். யூடிபியில் இதே வேலைக்குப் பாவித்த உதவியின் பெயரில் "இனிட்" என்ற ஒரு துண்டு கூடுதலாக இருக்கு. எடுப்பது மட்டுமில்லாமல் எடுத்தபின் வெறுமையாக்கவும் செய்கிற உதவி அது. பிங் வேறு விதமான பூட்டைப் பாவித்ததால் உதவியும் மாறியிருக்கு. மாறும்போது "இனிட்" விழுந்துபோயிருக்கு.

ஏட்டுச் சுவடிகளைப் படிக்கிறவர்களுக்கு இது பழகின காட்சி. ஒரு பிரதியைப் பார்த்து இன்னொன்றைப் பெயர்த்து எழுதுகிறவர் ஒரு சொல்லை விடுவார். விட்டது தெரியாது, ஏனென்றால் வசனம் அது இல்லாமலும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். இந்தச் செயற்கூறும் அப்படித்தான். தனியே வாசித்தால் குறையே தெரியாது. இருக்கா என்று கேட்குது, பூட்டுது, எடுக்குது, கணக்கைக் குறைக்குது. மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

2016இல் டெட் மேடையில் டோர்வால்ட்ஸ் "நல்ல ரசனை" பற்றிக் கதைத்தபோது காட்டின உதாரணமும் இணைப்புப் பட்டியலில் இருந்து ஒன்றை நீக்குவதுதான். முதற்கணுவுக்கென்று தனி நிபந்தனை வைத்து எழுதின ஒரு வடிவத்தையும், சுட்டியைச் சுட்டுகிற சுட்டியைப் பாவித்து அந்த நிபந்தனையே தேவையில்லாமல் செய்த இன்னொரு வடிவத்தையும் காட்டினார். இரண்டாவது அழகுதான். ஆனால் பிங் கோட்டின் பின்சுட்டியும் அதே அழகான முறையில் அமைந்ததுதான். அங்கே பிழைத்தது நீக்கின விதம் இல்லை. நீக்கியாச்சு என்பதைக் கணுவிடம் யாரும் எழுதி வைக்கவில்லை.

மாணவர் ஒருவரின் திருத்தம்

பட்டியல் உதவிகளை வாசிக்கிற வேலை 2015ஓடு முடியவில்லை. 2022 பெப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் யாக்கோப் கோஷெல் ஒரு சிறு திருத்தத்தை அனுப்பினார். பட்டியலைச் சுற்றிவருகிற உதவியில், சுற்று முடிந்த பிறகும் சுற்றுமாறியைப் பாவிக்கிற இடங்களைப் பற்றியது. தேடினது கிடைக்காமல் சுற்று முடிந்தால் அந்த மாறி காட்டுவது உண்மையான கணுவை இல்லை.

அதை மீளாய்வு செய்யும்போது டோர்வால்ட்ஸ் இன்னும் கீழே தோண்டினார். மாறி ஏன் சுற்றுக்கு வெளியே வருது? ஏனென்றால் கேர்னல் 1989ஆம் ஆண்டு சி தரநிலையிலேயே நின்றது. அதில் மாறியைச் சுற்றுக்குள் மட்டும் அறிவிக்க முடியாது. உரையாடல் வளர்ந்தது. ஆர்ன்ட் பெர்க்மன் 2011 தரநிலைக்கே போகலாம் என்று முன்வைத்தார். மே மாதம் வெளியான லினக்ஸ் 5.18 அந்தத் தரநிலையோடு வந்தது. ஒரு மாணவரின் சின்னத் திருத்தத்தை ஒழுங்காக வாசித்ததால், உலகமெல்லாம் ஓடுகிற ஒரு மென்பொருளின் மொழியே மாறினது. அந்த மாதம் நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

இந்த வாசிப்பில் எங்களுக்கு மிஞ்சினது மூன்று கேள்விகள். பட்டியலில் இருந்து ஒன்றை எடுக்கிற எந்தக் கோட்டைப் பார்த்தாலும் கேட்கலாம். எடுத்தபின் அந்தக் கணு தன்னைப் பற்றி என்ன நினைக்குது? அதை இன்னும் யார் கையில் பிடித்திருக்கினம்? இதை எதைப் பார்த்து எழுதினது, அதில் இருந்த ஏதாவது இதில் இல்லாமல் போயிருக்கா? முதல் இரண்டும் கணினி நண்பர் சொல்லித் தந்தது. மூன்றாவது எங்களுடையது. அதற்கு சி மொழி கரைகண்டிருக்கத் தேவையில்லை. இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக வாசிக்கத் தெரிந்தால் போதும். நாங்கள் படிக்கிறதே அதுதானே.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. திருத்தம் 2015 மேயில் வந்தது. கேர்னலின் சுவடிக்கூடத்தில் அது பத்திரமாக இருக்கு. ஆனால் புதுப்பித்தல் நின்றுபோன போன்களுக்கு, கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்த போன்களுக்கு, அந்த ஒரு வரி ஒருநாளும் வரவில்லை. அந்த ஓட்டையால்தான் எங்களில் சிலர் தங்கள் போனுக்குத் தாங்களே சொந்தக்காரர் ஆனோம் என்று சந்தோசப்படலாம். அதே ஓட்டை நாங்கள் போட்ட எந்த ஆப்புக்கும் திறந்துதான் கிடந்தது. வீட்டு லாச்சியில் அந்தப் பழைய போன்களில் ஒன்று இன்னும் கிடக்கு. சார்ஜில் போட்டால் வேலையும் செய்யும்.